எழுத்து இல்லாத போர்டு

மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு உறங்க அதற்குக் கொடுத்துவைக்கவில்லை. இதை எனக்குச் சொன்னவன் என் தம்பி. அதனால்தான் அவன் தன் தொட்டி விளக்கை ஒரு நாளும் சட்டென்று அணைத்ததில்லை. மீன் இருக்கும் இடத்தில் வெளிச்சம் நல்ல விருந்தாளிபோலச் சொல்லிக்கொண்டு மெதுவாகத்தான் போக வேண்டும் என்பான்.

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நீங்கள் கேட்டது அந்த விளக்கைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. கடவுளை நம்புகிறவள் நான்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் இரவு வேலை. எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. தம்பி மனைவி இறந்தபோது அவன் மகள் பால்பல்கூட விழாத குழந்தை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தலை வாரியது, பேன் பார்த்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். வாலு என்று கூப்பிடுவோம். இப்போது அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறாள், கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கிறாள், ஆனாலும் வாலுதான்.

தம்பி கடைகளுக்கு விளக்கு வைத்த பெயர்ப்பலகை செய்கிறவன். பால் வெள்ளை அக்ரிலிக் தகட்டில் எழுத்தை ஒட்டி, பின்னால் விளக்குப் பட்டை பொருத்துவான். மருந்துக்கடை, செருப்புக்கடை, கண்ணாடிக்கடை என்று இந்தப் பக்கத்துக் கடைகளில் பாதியின் பெயர் இரவில் அவன் கையால்தான் எரிகிறது.

மனைவி போன பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. அப்போதுதான் கடல்நீர்த் தொட்டி வைத்தான். உயிருள்ள பவளம், நான்கைந்து மீன். ஆனால் மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுந்தால் தொட்டியின் பின்பக்கம் கறுப்புச் சுவராக நிற்கும். மீன்கள் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். அது அவனுக்குப் பொறுக்கவில்லை. பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பால் வெள்ளைத் தகட்டை நிறுத்தினான். அதற்கும் ஒரு சாண் பின்னால் விளக்குப் பட்டைகள். பக்கத்தில் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், தள்ளி வைத்தால்தான் வெளிச்சம் ஒன்றாகக் கரையும் என்று எனக்கு விளக்கினான். அவன் திருகும்வரை தகட்டை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என் தோள் இரண்டு நாள் வலித்தது.

முதல்முறை போட்டபோது சுவர் போய்விட்டது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மீன்களுக்குப் பின்னால் முடிவே இல்லாத தண்ணீர். நான் கைகூப்பிவிட்டேன்.

வாலு மட்டும் கேட்டாள்: "எல்லாம் சரிப்பா. கடை பேரு எங்க?"

"பேரு போடாம நான் செஞ்ச ஒரே போர்டு இதுதான். படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கட்டும்" என்றான்.

அந்த விளக்குக்கு ஒரு சின்ன கன்ட்ரோலர் பெட்டி உண்டு. விடியற்காலையில் வெளிறிய ரோஜா நிறம், நடுப்பகலில் வானத்து நீலம், மாலையில் மயில் கழுத்து நீலம், பிறகு மெல்ல மெல்ல இருட்டு. எல்லாம் மீனுக்காக. தகட்டில் உப்புப் பூத்தால் துடைப்பது என் வேலை. பெட்டியில் நேரம் மாற்றவும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். "எனக்கு ஏதாவது ஆனா நீ பாத்துக்கணும்ல" என்பான்.

ஆயிற்று. அவன் தலையில் கட்டி வந்தது. எடுத்தார்கள். உயிர் பிழைத்தான், ஆனால் அதற்குப் பிறகு எந்த வெளிச்சமும் ஊசிபோல அவன் கண்ணில் குத்தியது. கடிகாரத்து முள் தெரியவில்லை. போன் திரையைப் பார்க்க முடியவில்லை. இது காலையா மாலையா என்ற கணக்கும் அடிக்கடி தவறியது. தொட்டி இருந்த அறையிலேயே கட்டிலைப் போட்டோம். ஜன்னல்களைத் தடித்த கறுப்புத் துணியால் மூடினேன். பவளத்துக்கான மேல்விளக்கைச் சுற்றி அட்டை கட்டினேன், ஒரு கீற்றுகூடக் கட்டில் பக்கம் வராதபடி. பின்விளக்கின் மங்கல் ஒன்றைத்தான் அவன் கண் பொறுத்துக்கொண்டது. அதைத் தவிரத் தொட்டி மோட்டார் ஓடும் சத்தம். அந்த அறைக்குள் வெளியுலகம் வரவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கடிகாரம் தெரியலைன்னா பரவாயில்லம்மா. பகல் எது, ராத்திரி எதுன்னு அவருக்குத் தெரியணும். அதை மட்டும் குழப்பிடாதீங்க. வலிப்பு மாத்திரை காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தள்ளிப்போகக் கூடாது." பிறகு சிரித்துக்கொண்டு, "நர்ஸம்மாவுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். அந்த விளக்கே அவனுக்குக் கடிகாரம் ஆயிற்று. ரோஜா நிறம் வந்தால் ஒரு மாத்திரை, மயில் நீலம் வந்தால் இன்னொன்று. அவனே கையை நீட்டுவான்.

அந்த மயில் நீலத்துக்குத்தான் வாலுவும் வருவாள். வேலை முடிந்து நேராக வருவாள். "நீலம் வந்துடுச்சு, நானும் வந்துட்டேன்" என்று கட்டிலில் ஏறி உட்காருவாள். மருத்துவமனையில் யார் பல்லைப் பிடுங்கும் முன்பே அலறினார்கள் என்று நடித்துக் காட்டுவாள். அவன் தலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "சிரிக்க வெக்காதடி, தையல் பிரிஞ்சிடும்." நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நான் குறை என்று எதையும் நினைக்கவில்லை.

பிறகு உப்பு வந்தார்.

உப்பு என்பது நாங்கள் வைத்த பெயர். மீன் கடைக்காரர். தொட்டிக்குக் கலக்கும் உப்பை மூட்டையாகத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். கை எப்போதும் பிசுபிசுக்கும், வாய் ஓயாது. அன்று தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். உப்பு அளவு நாடாவை எடுத்துத் தொட்டியை நீளம், உயரம் எல்லாம் அளந்தார்.

"எதுக்குத் தம்பி அளக்கிறீங்க?"

"மாத்தறதுக்குத்தான்க்கா. பாப்பா வீட்டுல சுவத்தை இடிச்சாச்சு. தொட்டி உள்ள உக்கார வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் அங்க போனதும் முதல் நாளே மீனைப் பாக்கணுமாம், பிடிவாதம்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இந்தப் பின்னாடி லைட்டு, தகடு எல்லாம் கழட்டிடச் சொல்லிட்டாரு. அங்க அது வேண்டாமாம்."

எனக்குத் தெரியும் என்று நினைத்துப் பேசினார், பாவம். நான் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று நான் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மகள் வீட்டுக்குப் போகிறான். தொட்டிக்கு இடம் பார்த்துவிட்டார்கள். அதற்காகச் சுவரையே இடித்திருக்கிறார்கள். பம்புக்கும் வலைக்கும் உப்பு மூட்டைக்கும்கூட ஒரு மூலை பார்த்திருப்பார்கள். எனக்கு யாரும் நாடா பிடித்துப் பார்க்கவில்லை. நான் தோள் வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்ற தகடும் வேண்டாமாம்.

அவசரப்பட்டு முடிவு செய்கிறவள் அல்ல நான். அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். சில நாள் காத்திருந்தேன். ஒரு மாலை இரண்டு பேருக்கும் பால் ஆற்றிக் கொடுக்கும்போது, "என்கிட்ட ஏதாவது சொல்லணுமாடா?" என்று கேட்டேன்.

தம்பி வாலுவைப் பார்த்தான். வாலு டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லையேக்கா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும். ஆண்டுக்கணக்காகச் சோறு போட்ட கைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கை ஊற்றிய பாலைக் குடித்துக்கொண்டே சிரித்தார்கள்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டு வாங்கினால் அது அன்பு ஆகுமா, ஐயா?

மறுநாள் கன்ட்ரோலர் பெட்டியில் மாலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். கொஞ்சம்தான். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மேல்விளக்கின் நேரத்தையும் அதோடு சேர்த்து நகர்த்தினேன். இரவு வார்டில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும்: நோயாளி உடம்பைக் கேட்டுத் தூங்குவதில்லை, விளக்கைக் கேட்டுத்தான் தூங்குவான். கொஞ்ச நாளில் அவனுடைய மயில் நீலம் நடுமதியத்தில் வந்தது. வாலு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவனுக்கு நள்ளிரவு.

முதல் நாள் அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள தூங்கிட்டாரா?" என்றாள்.

"ஆமா."

"எழுப்பட்டுமா அத்தை?"

"உன் இஷ்டம்."

அவள் எழுப்பவில்லை. எழுப்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். போர்வையை இழுத்துவிட்டாள், கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், வளையல் சத்தம் கேட்கக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் வளர்த்த பெண். இளகிய மனம். அதனால்தான் எல்லாம் சுலபமாக நடந்தது.

"நான் வந்தேன்னு சொல்லுங்க அத்தை."

தலையாட்டினேன். தலையாட்டுவது வாக்குக் கொடுப்பது ஆகாது.

அவன் மயில் நீலம் வந்ததும் வாசலைப் பார்ப்பான். "வாலு வரலையாக்கா?"

"இன்னும் வரலைடா" என்பேன். அது உண்மை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அவள் அங்கே யாருக்கோ பல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அறையில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலில் அவன் அவளுக்காகப் பேசினான். வேலை அதிகமாயிருக்கும், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ, என்று. பிறகு ஒரு நாள் கேட்டான்: "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"எனக்கென்னடா தெரியும். உங்களுக்குள்ள ஆயிரம் பேசறீங்க."

"ஒரு போன் போடேன்."

"நாமளே கூப்பிட்டு வரவெச்சா அது பாசமாடா?"

அவன் யோசித்தான். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்தம். "வேண்டாம், விடு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒருவேளை இன்னும் சாயங்காலமே ஆகலையோ என்னவோ" என்றான். தானே தலையை அசைத்துக்கொண்டான். "இல்ல. நான் செஞ்ச விளக்கு அது. அது பொய் சொல்லாது. நீலம் வந்துட்டுப் போயிடுச்சு. அவதான் வரலை."

பிறகு கேட்பதை நிறுத்தினான். நீலம் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். சாப்பாடு குறைந்தது. அப்போது நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "நான் இருக்கேன்டா" என்பேன். அவன் என் கையைப் பிடித்துக்கொள்வான். உண்மையைச் சொல்கிறேன், ஐயா, அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் தூங்கியதும் ஜபம் செய்வேன். கடவுளுக்கு எல்லாம் தெரியும். வேண்டாமென்றால் அவர் தடுத்திருப்பார்.

வாலு விடுமுறை நாட்களில் மதியமே வருவாள். அதுதான் சங்கடம். அவள் வேலைக்குப் போகும் நாளில் ஒரு மாதிரி, விடுமுறையில் வேறு மாதிரி. அதற்கேற்ப அவனுடைய பகலைச் சில நாள் இழுத்தேன், சில நாள் சுருக்கினேன். மாத்திரையும் விளக்கோடு சேர்ந்து போயிற்று. ரோஜாவுக்கு ஒன்று, மயில் நீலத்துக்கு ஒன்று, அவனே கையை நீட்டுவான் என்று சொன்னேன் அல்லவா? இழுத்த நாட்களில் அது மிகவும் தள்ளிப்போயிற்று. சரியான நேரத்துக்குக் கொடுத்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். அட்டையில் மாத்திரைகள் மீந்தன. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். நான் நர்ஸ்.

ஒரு மதியம் உப்பு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அறையை எட்டிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "என்னக்கா, பட்டப்பகல்ல ராத்திரி ஆக்கி வெச்சிருக்கீங்க? பவளமெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கு பாருங்க."

"வெளிச்சம் அவனுக்குக் கண்ணைக் குத்துது தம்பி" என்றேன். குத்தத்தான் செய்தது.

"அண்ணன் நல்லா ஆனாப் போதும்க்கா. பவளம் கெடக்கு, மறுபடி வளரும்" என்றார். போகும்போது ஒரு சின்ன நத்தையைத் தொட்டியில் விட்டுப்போனார். கண்ணாடிப் பாசியைத் தின்னுமாம், எனக்குத் துடைக்கும் வேலை குறையுமாம். நல்ல மனிதர்.

அந்தக் கடைசி நாளும் மதியம்தான். மயில் நீலம் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. முந்தைய பகல் இழுத்த பகல். அவன் கை முதலில் உதறியது, பிறகு உடம்பு முழுவதும். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், தலைக்கு என் கையைக் கொடுத்தேன். முறைப்படி எல்லாம் செய்தேன். வலிப்பு நிற்கவில்லை. நிற்காத வலிப்பை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு விலை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தால் நடுப்பகலில் மாலை விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். அதனால் முதலில் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பெட்டியில் நேரத்தைச் சரிசெய்தேன். பிறகு மேல்விளக்கை. பிறகு மீந்த மாத்திரைகளை எடுத்து என் கைப்பையில் போட்டேன். பிறகு அவன் போர்வையைச் சரிசெய்தேன். பிறகு போன் செய்தேன்.

நேரத்தைக் கையால் மாற்றினால் அந்த விளக்கு மெதுவாக மாறாது. மயில் நீலத்திலிருந்து நடுப்பகலுக்கு ஒரே தாவலாகத் தாவியது. மீன்கள் வெறி பிடித்ததுபோல அடித்துக்கொண்டன. சிவந்த வாலோடு ஒல்லியாக ஒரு மீன் உண்டு, வாலு அதற்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்திருந்தாள். அது தண்ணீரிலிருந்து எகிறித் தரையில் விழுந்தது. மீனுக்கு இமை இல்லை, முன்பே சொன்னேன். கட்டிலைப் பார்த்தேன். அவன் கண்ணும் திறந்துதான் இருந்தது.

தீக்குச்சியை நான் எடுக்கவில்லை. மறந்துவிட்டேன். அதுதான் என்னை இங்கே கொண்டுவந்தது என்று தெரிகிறது. கட்டிலடியில் காய்ந்து கிடந்த மீனைப் பார்த்துவிட்டு உப்பு வாலுவிடம் சொன்னாராம்: "இது தானாக் குதிக்காது பாப்பா. இருட்டுல இருக்கும்போது திடீர்னு வெளிச்சம் போட்டாத்தான் குதிக்கும். அண்ணன் வீட்டுல அப்படி யாரும் போட மாட்டாங்களே." அதிலிருந்து நூல் பிடித்து மற்றதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வாலு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அழக்கூட இல்லை. "அப்பா என்னைக் கேட்டாரா அத்தை?"

"தினமும் கேட்டான்" என்றேன். அவளிடமும் நான் பொய் சொல்லவில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். இன்னொன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உங்கள் ஆட்கள் என்னை அழைத்துவருவதற்கு முன்னால், உப்பு துக்கம் கேட்க வந்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"எவ்வளவு ஆசையா இருந்தாருக்கா அண்ணன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அப்புறம்தான் பாப்பா என்னைத் திட்டிச்சு, நான் ஒளறிட்டேனோன்னு பயந்துட்டேன். சொன்னா அக்கா வர மாட்டா, நான் எதுக்கு உங்களுக்குப் பாரமான்னு ஆரம்பிச்சிடுவா, எல்லாம் ரெடியானதும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு சொல்லிட்டே இருந்தாரு."

"என்னத்தைக் காட்டணும்னு?"

"உங்க ரூமைத்தான்க்கா. சுவத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன் ரூமு, அந்தப் பக்கம் உங்க ரூமு. நடுவுல தொட்டி. அதனாலதானே பின்னாடி லைட்டே வேண்டாம்னாரு? தகட்டை வெச்சா அக்காவுக்கு என்ன தெரியும், வெறும் போர்டு முதுகுதான் தெரியும்னாரு. கண்ணு நல்லானதும், படுத்துட்டே தண்ணி வழியா அக்கா முழிச்சிட்டாளான்னு பாத்துக்குவேன்னாரு."

நான் அவருக்கு மோர் கொடுத்தேன். அவரால் குடிக்க முடியவில்லை.

தொட்டியை வாலு எடுத்துப்போய்விட்டாள். அந்தச் சுவரில் வைத்திருக்கிறாளாம், பின்விளக்கு இல்லாமல். இரண்டு பக்கமும் கட்டில் காலியாகக் கிடக்கிறதாம்.

நீங்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுவதற்கு முன்னால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரவு பகல் பாராமல் பக்கத்திலேயேதானே இருந்தேன்.